சட்டை பறித்த திருநாள்

பசிபிக் கடலின் குக் தீவுகளில் அக்டோபர் வந்தால் சுவிசேஷத் திருநாள். வேதம் கரையேறிய கதையை ஒவ்வொரு ஊரும் நாடகமாகப் போடும். வைமுரி ஊரில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே காட்சிதான்: வேறு தீவிலிருந்து ஓடத்தில் வரும் உபதேசியாரை ஊர்த் தலைவன் இரு கைகளையும் விரித்து வரவேற்பான். தலைவனாக நடிப்பவர் சபை மூப்பர் மத்தாயோ. அந்தத் தலைவன் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன். அவர் விரித்த கையை மடக்குவதற்குள் ஒரு சங்கீதத்தைப் பாடி முடித்துவிடலாம்.

நாடகத்தை எழுதி நடத்துபவள் தெபாயெரு. பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மூப்பரைப் பார்த்தாலே அவளுக்கு வாய் கோணும். உபதேசியார்தான் வேதத்தைக் கொண்டுவந்தாரா, இல்லை அது முன்பே இவர் வீட்டுப் பரணில் கிடந்ததா என்று சந்தேகம் வருமளவுக்குப் பேசுவார். கோவிலில் முன்வரிசை, விருந்தில் முதல் மரியாதையாகப் பன்றித் தலை, எல்லாம் அந்தக் கை விரிப்புக்குக் கிடைத்ததுதான்.

அந்த வருஷம் சிட்னி ஆவணச்சாலை ஒன்றிலிருந்து, அவள் எழுதிக் கேட்டிருந்த கடித நகல் வந்து சேர்ந்தது. உபதேசியார் தன்னை அனுப்பிய மிஷனுக்குக் கைப்பட எழுதியது. தலைவன் கையை விரித்தது உண்மைதான். சட்டையைப் பிடித்து உருவ. மூன்று சட்டையும் கோடரியும் போயின. நாலு நாள் சீமைப்பலா மரத்தடியில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார் மனுஷர். வேதப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்துச் சுருட்டித் தலைவன் காதில் செருகிக்கொண்டான். மறு வருஷம் கப்பல் நிறையக் கோடரி வந்த பிறகுதான் அவனுக்கு இரட்சிப்பு உண்டாயிற்று.

ஒத்திகை நாளில் எல்லாரையும் உட்காரவைத்து, தெபாயெரு அதை நிதானமாக, ருசித்து வாசித்தாள். மூப்பரின் முகம் வெந்த சேம்பிலை போலத் துவண்டது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

"டீச்சர், அந்தக் கடுதாசி எத்தனை பக்கம்?"

"ஏன், இது போதலையா உங்களுக்கு?"

"சிட்னிக்காரங்க சபைக்குன்னு போதகருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்காங்க. நேத்தே படிச்சுட்டேன். ரெண்டாம் பக்கத்த எங்க வச்சீங்க?"

அது அவள் கைப்பையில் நாலாய் மடித்துக் கிடந்தது. மரத்தடியில் பட்டினி கிடந்தவருக்குச் சேப்பங்கிழங்கு கொண்டுவந்த பெண்ணைப் பற்றியது. கிழங்குக்கு ஒரு பொத்தான் என்று பேரம் பேசி, கால்சட்டைப் பொத்தானை எல்லாம் அறுத்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஜெபம் செய்தார். கடைசிக் கிழங்கு வேகவே இல்லை. அவள் பெயரும் தெபாயெரு. 'உபதேசியாரின் பசியாற்றிய உத்தமி' என்று கோவில் சுவரில் கல்வெட்டே உண்டு. அந்த வீட்டில் மூத்த பெண்ணுக்கு வழிவழியாக அவள் பெயர்தான்.

"எங்க ஆளு பறிச்சான், சரி. உங்க ஆளு பசியில கெடந்தவன்கிட்ட யாவாரம் பண்ணியிருக்கா. எது பெரிய பாவம்னு படிச்ச நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருஷம் மூப்பருக்காகவே வைத்திருந்த இளக்காரத்தில் ஒரு பங்கு அன்று அவளோடு வீடு வரை வந்தது.

மறுநாள் மூப்பர் வீட்டு வாசலில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் நாடகத்தில் வரும் என்றாள்.

"நீங்க சட்டைய உருவுங்க, பொத்தான நான் அறுக்கறேன். மாட்டேன்னா ரெண்டு பேருமே ஒதுங்கிக்குவோம்."

மானத்தை விடச் சொன்னால் மூப்பர் யோசிப்பார். மேடையை விடச் சொன்னால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒத்துக்கொண்டார்.

திருநாளன்று அவர் தொந்தி குலுங்க உபதேசியாரை மைதானம் முழுக்கத் துரத்தினார். தெபாயெரு வேகாத கிழங்கை நீட்டிப் பேரம் பேசினாள். வெள்ளைத் தொப்பி வைத்த பெண்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு தொப்பி கழன்று விழச் சிரித்தார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

இதோடு ஊருக்குப் புத்தி வந்துவிடும் என்று தெபாயெரு நம்பினாள். ஊரா திருந்தும்? அடுத்த வருஷம் பக்கத்து ஊரிலும் சட்டையைப் பறித்தார்கள். தங்கள் தலைவன்தான் முதலில் பறித்தான் என்று சாதித்தார்கள். அவர்களிடம் கடிதம் இல்லை, வாய் இருந்தது. மூன்றாம் வருஷம் திருநாள் காலையில் வருவோர் போவோர் சட்டையை இழுப்பதும், பொத்தான் கொடுத்துக் கிழங்கு வாங்குவதும் வழக்கமாகிவிட்டன. வேதத்தில் சொன்னபடி பழைய மனுஷனைக் களைந்து புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வதன் அடையாளமாக முன்னோர் வகுத்த சடங்கு இது என்று சுற்றுலாக்காரர்களிடம் போதகர் கூசாமல் விளக்கினார்.

ஒரு நாள் மூப்பர் மூச்சிரைக்க அவளிடம் வந்தார்.

"பக்கத்து ஊர்க்காரனுங்க தாத்தன் ஒரு கைக்குட்டைகூடத் திருடலன்னு எழுதிக் குடுங்க டீச்சர்."

தெபாயெரு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆதாரம் வேண்டுமானால் சிட்னிக்கு எழுதிக் கேளுங்கள் என்று முகவரியைக் கொடுத்தாள். அவரும் எழுதிப் போட்டார். மூன்று மாதமாகத் தினமும் தபால் நிலையத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.