இடது தோளில் வைத்த பஞ்சு

கோட்டுக்காரருக்கு அளவு எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது. ஒரு தடவை டேப் பிடித்தால் போதும், ஆயுசுக்கும் கை மறக்காது என்பார். "வாய் ஊர்க்கதை பேசும், கத்தரி தன் பாட்டுக்குப் போகும்" என்று அவர் பெருமையடிக்க ஆரம்பித்தால் ஊசிக்கே காது வலிக்கும். முப்பது வருஷத்தில் ஒரு கோட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால், கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அவர் மனைவியும் மறுத்துப் பேசுவதில்லை.

இந்தத் தடவை தைத்தது சாதாரணக் கோட்டு இல்லை. அண்ணன் தவறிப்போய் ஆறு வருஷமாகி, அண்ணிக்கு மறுபடியும் கல்யாணம். மாப்பிள்ளை மருந்துக்கடைக்காரர். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது தனியாளாக மல்லுக்கட்டியவர் கோட்டுக்காரர்தான். "அவங்க எனக்கு அம்மா மாதிரி. அவங்க நல்லா இருந்தா உங்களுக்கு எங்கே வலிக்குது?" என்று பெரியப்பாவையே கேட்டுவிட்டார். மாப்பிள்ளைக் கோட்டு தன் கையால்தான் என்று வாக்கும் கொடுத்து, வழக்கம்போல ஒரு தடவை டேப் பிடித்துவிட்டு வந்தார். மூன்று நாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். அப்படியொரு சந்தோஷத்தோடு அவர் வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அண்ணியும் மாப்பிள்ளையும் போட்டுப் பார்க்க வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் நல்ல உயரம். கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை, பொத்தான் பூட்டவில்லை, இடது தோள் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

"மத்தியானம் கொஞ்சம் கூடவே சாப்பிட்டுட்டேன் போல" என்றார் அந்த நல்ல மனுஷர்.

"துணி... துணி சுருங்கிடுச்சு" என்று கோட்டுக்காரர் தடுமாறினார். வாயில் வந்த பொய்.

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது உங்களுக்குத்தான் சரியா இருக்கும் போலிருக்கே தம்பி. போட்டுக் காட்டுங்க!"

வேண்டாம் வேண்டாம் என்று அவர் பின்வாங்க, மருந்துக்கடைக்காரரே கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். அடடா, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. சின்ன வயசிலிருந்தே மிஷினில் குனிந்து குனிந்து அவருடைய இடது தோள் இரண்டு விரல்கடை இறங்கிப்போயிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பஞ்சு வைக்க வேண்டிய கோட்டு உலகத்தில் ஒன்றுதான், அவருடைய கல்யாணக் கோட்டு. அன்றைக்கு அந்தப் பஞ்சை வைத்துத் தைத்தது, அப்போது கல்யாணப் பெண்ணாக இருந்த அவர் மனைவி.

"அப்படியே மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!" என்று அண்ணி கைதட்டினாள். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். மனைவியின் ஊசி மட்டும் பாதியில் நின்றது. அவள் கண் அவருடைய இடது தோளில் இருந்தது.

கண்ணாடியில் மாப்பிள்ளைக் கோட்டில் அவரும், பக்கத்தில் அண்ணியும் தெரிந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் நடுவில் அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது. இப்படி ஒரு நினைப்பு கனவில்கூட வந்ததில்லையே! அப்படியானால் அந்த மூன்று நாள் சந்தோஷம் யாருடையது? அம்மா மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எந்த வாய்? பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வர, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மனைவி எழுந்து வந்து அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். மருந்துக்கடைக்காரரை நிற்கவைத்து அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதினாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடுமா தம்பி?"

"ஆயிடும் அண்ணி" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவர்கள் போனதும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சிருந்தா மறைச்சிருப்பீங்க" என்றாள். புதுத் துணியை மேஜையில் விரித்தாள். அவர் கத்தரிக்குக் கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் வெட்டறேன். நீங்க முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க."

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். பொத்தான்கூடப் பூட்டியிருந்தது.