ஆறு வருடப் பட்டினியும் ஒரு லோரி லைசென்சும்

கோலசிலாங்கூர் தமிழ்ச் சபையில் ஆண்டுக் கடைசியில் ஜெபப் பெட்டியைத் திறப்பது வழக்கம். பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய பிஸ்கட் டின்தான், விண்ணப்பத் தாள் போட மூடியில் ஒரு கீறல். நிறைவேறிய விண்ணப்பங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, மற்றவற்றைத் திரும்ப உள்ளே போட்டு மூடுவார்கள். பிள்ளை கேட்டவர்களுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போய்விட்டது. வீடு கேட்டவர் வீடு வாங்கி, அதன் கூரை ஒழுகவும் ஆரம்பித்துவிட்டது. டக்ளஸ் எழுதிப் போட்ட தாள் மட்டும் ஆறு வருடமாக அதே டின்னுக்குள் மஞ்சள் பூத்துக் கிடந்தது. 'லோரி லைசென்ஸ் டெஸ்டில் பாஸாக வேண்டும்.'

இதில் கர்த்தரைக் குறை சொல்ல வழியில்லை. அந்த டெஸ்டுக்கு டக்ளஸ் இன்னும் பெயரே கொடுக்கவில்லை.

ஆள் நல்லவன்தான். குடி கிடையாது, புகை கிடையாது. செகிஞ்சான் அரிசி ஆலை லோரியில் பதினொரு வருடமாகக் கெலிண்டான், அதாவது உதவியாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், மூட்டையை ஏற்றி இறக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் இடுப்பு முனகத் தொடங்கியிருந்தது. பெயர் கொடுக்கத்தான் பயம். கார் லைசென்ஸ் எடுத்த காலத்தில், மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் சோதனையில் மூன்று முறை பின்னால் உருண்டான். மூன்றாவது முறை வேலிக்கு வெளியே நின்ற பள்ளிப் பையன்கள் கைதட்டினார்கள். இருபது வருடமாகியும் அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லை. எழுதாத பரீட்சையில் எவனாவது தோற்றிருக்கிறானா? மனைவி டொரீன் கேட்டால், "ஆளு நெறைய இருக்குலா, டேட் கெடைக்கல" என்று ஒரு போடு போட்டுவிடுவான். அவளும் நம்பினாள், பாவம்.

இந்த டிசம்பரில்தான் வண்டி மேட்டுக்கு வந்தது. லோரி ஓட்டும் அப்பளசாமி அண்ணன் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

"மார்ச் கடைசியோட நான் நிறுத்திக்கறேன்டா. கண்ணு சரியில்ல. மொதலாளி தவுக்கே உன்னத்தான் கேட்டாரு. லைசென்ஸ் இருந்தா ஸ்டேரிங் உனக்கு. இல்லன்னா வெளியாளு வருவான், நீ அவனுக்கும் மூட்ட தூக்கு."

டக்ளஸ் என்ன செய்தான்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் உருக்கமாக ஜெபம் செய்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிளோரன்ஸ் அக்கா பிடித்துக்கொண்டார். பேருந்து நிலையத்துக்கு அருகில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர், தனிக்கட்டை, விடியுமுன் எழுந்து தேங்காய் பிழிகிற ஆள். டக்ளஸின் லைசென்சுக்காக ஆறு வருடமாகப் புதன்தோறும் பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரோடு உபவாசம் இருப்பவரும் அவர்தான். மிளகாய்ச் சம்பால் கொதிக்கிற சட்டிக்கு முன்னால் வெறும் வயிற்றோடு நிற்பதென்றால் சும்மாவா?

"டக்ளஸு, எப்பப்பா டெஸ்டு? அன்னைக்கு மாதர் சங்கமே சேந்து உபவாசம் இருக்கலாம்னு பேசியிருக்கோம். பன்னெண்டு பேரு."

டக்ளஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"ஜனவரி பதினாலு, அக்கா."

"நல்லதாப் போச்சு, அதுவும் புதன்தான்" என்று அக்கா கைபேசியில் குறித்துக்கொண்டார். ஒரு பொய் போதாதென்று பன்னிரண்டு பெண்களின் சோற்றிலும் கை வைத்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை மாலை டொரீன் புது வருடத்துக்கு அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"என்னாங்க, பிளோரன்ஸ் அக்காவுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்காம். கிளினிக்ல பசியோட இருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். போன புதன் பொட்டலம் மடிச்சிக்கிட்டே மயங்கி சாஞ்சிட்டாங்க. பக்கத்துக் கடைக்காரருதான் தூக்கி உக்கார வச்சாராம்."

"அப்புறமும் உபவாசமா?"

"அதானே. 'டக்ளஸு பாஸாவுற வரைக்கும் விடமாட்டேன்'னு சொல்லிட்டாங்க. நீங்களாவது சொல்லுங்களேன்."

டக்ளஸ் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டான். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாமல் விட்டால் நாளைக்குப் புதன்கிழமை. தன் மானத்துக்கும் அக்காவின் உயிருக்கும் நடுவில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

விடிந்தால் டிசம்பர் முப்பத்தொன்று. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்குப் போனான். கதவு திறக்கும்போதே வாசலில் நின்றான். முகப்பில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், லோரி டெஸ்டுல இதுக்கு முன்னால எத்தன தடவ ஃபெயில்?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

"பரவால்லையே."

"டெஸ்டுக்கே போனதில்ல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, ரசீதும் ஒரு புத்தகமும் கொடுத்தாள். முதல் வகுப்பு ஜனவரி ஏழு; டெஸ்ட் மார்ச்சில். ஆறு வருடம் தள்ளிப்போட்ட வேலை ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. நேராக அக்காவின் கடைக்குப் போனான்.

பிளோரன்ஸ் அக்கா முகம் வெளிறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூடையில் சில பொட்டலங்களே மீதி. டக்ளஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பெயர் கொடுக்காததை, பயத்தை, பதினாலாம் தேதி என்று புளுகியதை. சொல்லி முடித்ததும் ரசீதை நீட்டினான்.

அக்கா ரசீதை வாங்கி, தேதியை விரலால் தொட்டுப் படித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஆறு வருஷம் ஒனக்காக கர்த்தரு கதவத் தட்டினேன்" என்றார். "அவரும் தெறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு, இந்தப் பய ஏன் இன்னும் உள்ள வரலன்னு."

"மன்னிச்சிருங்கக்கா."

"ஏண்டா, பாஸாவுறதுக்கு ஜெபம் கேட்டியே, பேரு குடுக்க தைரியம் வேணும்னு ஒரு தடவ கேட்டியா? அத கேட்டிருந்தா ஒரே புதன்ல முடிஞ்சிருக்கும்."

டக்ளஸ் தலையைத் தொங்கப்போட்டான். கண் கலங்கிவிட்டது. அக்கா உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சம்பாலைத் தொட்டுச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். ஆறு வருடத்தில் புதன்கிழமை மூன்று மணிக்கு முன்னால் இறங்கிய முதல் சாப்பாடு. அப்பாடா, மன்னித்துவிட்டார் என்று நினைத்த டக்ளஸ் கூடைக்குள் கையை விட்டான். அக்கா கூடையை நகர்த்திவிட்டார்.

"ஒனக்கில்ல. இனிமே புதன்கெழம ஒன்னோடது. நான் சாப்புடுவேன், நீ பட்டினி கெடப்ப. மூணு மணி வரைக்கும்."

"எது வரைக்கும்க்கா?"

"லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும். சட்டுன்னு பாஸாவப் பாரு, இல்லன்னா எளச்சுப் போவ. சாயங்காலம் வருஷக் கடைசி ஆராதனையில அந்தப் பன்னெண்டு பேருகிட்டயும் நீயே எந்திரிச்சு சொல்லணும். மொதல்ல டொரீன்கிட்ட."

டொரீன் பெயரைக் கேட்டதும்தான் டக்ளஸுக்கு நிஜமாகவே வேர்த்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். நெத்திலியும் தேங்காய்ப்பால் சோறும் வாசம் வீசின. டக்ளஸின் வயிறு பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி கூப்பாடு போட்டது.

மணியைப் பார்த்தான். பத்தரை. மூன்று மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம். இதே சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்கா இதை முந்நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தான்.