மரத்துக்கு ஜாமீன்

கோடாலியின் வாய் பட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, காம்பு சௌந்தரத்தின் கையில், கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து கிடக்கின்றன, எதிரே அவள் புருஷன் குழந்தைவேலு கம்பளிக் குல்லாயைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகூப்பி, நாடகக்காரன் தோற்றான் என்னும்படி முகத்தைக் கோணலாக்கி, வேணாம் தாயி, வெட்டிப்புடாத, வர்ற வருசம் கட்டாயம் பூக்கும், அதுக்கு நான் ஜாமீன் என்கிறார், அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, ஆனால் சிரிக்கக் கூடாது, மரத்தை மிரட்டும்போது யாராவது சிரித்துவிட்டால் மரத்துக்குப் பயம் விட்டுப்போகும் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார், பெரியகுளத்தில் அவள் பிறந்த மாந்தோப்பில் பூக்காத மரத்தை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவார்கள், நட்டவர் கோடாலியை ஓங்க வேண்டும், நடாத ஒருவர் குறுக்கே விழுந்து ஜாமீன் நிற்க வேண்டும், ஜாமீனுக்கு மரியாதை கொடுத்துப் பட்டையில் ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டு விட்டுவிட வேண்டும், நட்டவரே கெஞ்சினால் செல்லாது. இந்த மாவை நட்டவள் அவள், அதனால் கோடாலி அவள் கையில், கெஞ்சல் அவர் வாயில். மரம் என்று சொன்னால் மரத்துக்கே வெட்கமாக இருக்கும், அவள் தோளைக் கூட எட்டாத குச்சி, இதுக்குப் போயி கோடாலியா புள்ள, கத்திரிக்கோல் பத்தாதா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார், போச்சு, சிரிச்சுட்டீங்கள்ல, இனி எங்க பூக்கப்போகுது என்று அவள் கோடாலியைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள், அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவர் அந்த வார்த்தையை விட்டார், இந்தா பாரு, இந்தக் குளிர்ல உன் மா என்னைக்குப் பூக்குதோ அன்னைக்கு மூட்டையக் கட்டிக்கிட்டு உன்கூடப் பெரியகுளத்துக்கே வந்துர்றேன், முருகன் மேல சத்தியம்.

அந்தச் சத்தியத்துக்கு எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள், கனவில்தான் வந்தது என்று நினைத்தாள், புளிப்பும் இனிப்புமாக, லேசாகப் பால் பிசுபிசுக்கிற அந்த வாசனை, மாசி விடியலில் கம்பளிக்குள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கிடந்தவளின் மூக்கில் வந்து உட்காருகிறது, அப்பா தோப்பில் சருகு கூட்டுகிற சத்தம் கூடக் கேட்கிறது, எழுந்திருடி வெயில் வந்துருச்சு என்கிறார், எழுந்து பார்த்தால் பெரியகுளமும் இல்லை அப்பாவும் இல்லை, மேல்மலையில் தகரக் கூரை வீடு, அணைந்த அடுப்பு, பக்கத்துப் படுக்கை காலி, அவர் எப்போதோ எழுந்து போய்விட்டிருந்தார், ஆனால் வாசனை மட்டும் போகவில்லை, அதன் பின்னாலேயே அடுப்படியைத் தாண்டி, விறகுக் கொட்டகையைத் தாண்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் மூலைக்கு வந்தாள், மா பூத்திருந்தது. உச்சியில் மட்டும், வெயில் முதலில் படுகிற பக்கம் மட்டும், செங்காம்பில் மஞ்சள் பொடியாகக் கொத்துக் கொத்தாக. அவள் கத்தவில்லை, அழவில்லை, குத்துக்கால் போட்டு உட்கார முழங்கால் விடாததால் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து, இப்போதா வந்தாய் என்று கேட்டாள்.

இப்போதுதான் வருகிறது. கல்யாணமாகி மலையேறி வந்தபோது அப்பா ஒரு கூடை காளப்பாடி மாம்பழம் கொடுத்தனுப்பினார், வந்த வீட்டில் எல்லோரும் தின்று தீர்த்த பின் ஒரு கொட்டையை மட்டும் யாருக்கும் தெரியாமல் கழுவுதண்ணீர் ஓரம் புதைத்தாள், அது முளைத்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது, ஐஸ் மேல விதை போட்ட பொம்பள என்று பெயர் வந்தது, மார்கழியில் உறைபனி இறங்கித் தளிரைச் சுட்டுவிடும், அவள் சாக்கைச் சுற்றுவாள், தையில் மறுபடி சுடும், மறுபடி சுற்றுவாள், என்னைக் கூட இப்படிப் போர்த்திவிட்டதில்ல என்று அவர் பொருமுவார். அவருக்கு அந்தக் குளிர் பிடித்திருந்தது, சரிவில் அவர் வளர்த்த பேரிக்காய் மரங்களுக்குப் பிடித்திருந்தது, இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுக்க மொட்டைக் கட்டையாக நிற்கும், செத்துப்போச்சா என்று அவள் முதல் வருஷம் கேட்டாள், தூங்குது, சத்தம் போடாத என்று அவர் உதட்டில் விரலை வைத்தார், பிறகு மாசி கடைசியில் ஒரு காலையில் கதவைத் திறந்தால் சரிவு முழுக்க வெள்ளை, இலையே இல்லாத வெள்ளை, தேனீக்கள் இரைகிற இரைச்சலில் பேசுவது கேட்காது, அவர் மரத்துக்கு மரம் போய் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் அவரிடம் எதைக் கேட்டாலும் சரி என்பார், அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், கீழே போய்விடலாமா, அதற்கு மட்டும் மாவைக் காட்டுவார், அது பூக்கட்டும்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். முழங்காலில் குளிர் குடியேறியது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், மிரட்டும் விளையாட்டு ஒரு வருஷம் மறந்துபோனது, மறந்தது மறந்ததாகவே இருந்தது, அதற்குள் எப்போது என்று சொல்ல முடியாமல் உறைபனி வராமல் போயிற்று, புல்லில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்க்கக் கீழிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள், தகரக் கூரை வீட்டுக்கு ஃபேன் வாங்கினார்கள், கொசு வந்தது, யாரோ வீட்டு வாசலில் முருங்கை காய்த்தது, பேரி மட்டும் புத்தி பேதலித்ததைப் போல ஐப்பசி மழைக்கு நடுவே நாலு கிளையில் பூத்து, அதுவும் அழுகி, மாசியில் வெறும் பழைய இலையோடு நின்றது, முன்பு போல முழுதாக உதிர்க்கவும் இல்லை, முழுதாகத் துளிர்க்கவும் இல்லை. தோட்டக்கலை ஆபீசிலிருந்து வந்த பெண் நல்ல மாதிரி, ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு, குளிர் பத்தலைங்க ஐயா, மரம் தூங்கவே இல்லை, தூங்கினாத்தான் அதுக்குப் பூக்கத் தெரியும் என்றாள், அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அன்றிலிருந்து அவரும் தூங்கவில்லை, படுக்கையில் புரண்டுகொண்டே கிடப்பார், ஒரு தடவை இருட்டைப் பார்த்து அவர் சொன்னார், கீழ உள்ளதெல்லாம் மேல ஏறி வருது புள்ள, சரி, வரட்டும், மேல உள்ளது எங்கிட்டு ஏறும், இதுக்கு மேல வானந்தான. தூங்குங்க என்றாள் அவள்.

ஆனாலும் மனசு இருக்கிறதே, அது வெட்கம் கெட்டது, விறகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு நொடியில் வயது கழன்று விழுந்தது, எட்டி ஒரு கொத்தைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டாள், இதைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும், சத்தியம் செஞ்சது ஞாபகம் இருக்கா என்று கேட்க வேண்டும், அதற்கு முன்னால் தம்பியிடம் சொல்ல வேண்டும், பெரியகுளத்தில் அப்பாவின் தோப்பைப் பார்த்துக்கொள்கிற வையாபுரி, தோப்பு வீடு சும்மாத்தானக்கா கிடக்கு, எப்ப வேணும்னாலும் வாங்க என்று எப்போதோ சொன்னவன், போனை எடுத்து, டேய், இங்க மா பூத்துருச்சுடா என்றாள். நெசமாவாக்கா, அங்கயா பூத்துருச்சு, இங்க கார்த்திகையிலயே ஒரு தரம் பூத்துக் கருகிப்போச்சு, தையில மறுபடி பூத்துச்சு, காலமில்லாக் காலத்துல பெஞ்ச மழையில அம்புட்டும் கொட்டிருச்சு, மரம் கொழம்பிப்போய்க் கிடக்குக்கா, நானும் எம்புட்டுத்தான் பார்ப்பேன், பாதித் தோப்பை எடுத்தாச்சு, மிச்சத்தையும் எடுத்துட்டுத் தென்னை வைக்கலாம்னு இருக்கேன். அப்பாவோட காளப்பாடிடா என்றாள். அதைத்தான்க்கா மொத எடுத்தேன், உச்சி காஞ்சுபோச்சு என்றான் வையாபுரி, பிறகு, கோவிச்சுக்காத என்றான். அவனிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கடா என்று போனை வைத்துவிட்டாள், இத்தனை காலம் அவள் இங்கே குளிரில் விறைத்துக்கொண்டு மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்த நிழல் அது, அது இல்லை என்றால் இவ்வளவு நாளும் எங்கே போய் உட்கார்ந்தாள், அடுப்பைக் கூடப் பற்றவைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தோட்டத்துக்குப் போகிற சரிவில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, மடியில் பூ இருந்தது, வெயில் மாசிக்கு மீறிச் சுட்டது, பெண் பிறந்த வருஷம் அவர் தன் கையால் நட்ட பேரியின் அடியில் குழந்தைவேலு நின்றுகொண்டிருந்தார், குல்லாயைக் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தார், கையில் கோடாலி, காலடியில் கயிறு, இது மிரட்டுவதற்கு எடுத்துவந்த கோடாலி இல்லை என்பது அதைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. என்னங்க இது என்றாள். அவர் திரும்பாமலே, பார்த்துட்டேன் புள்ள என்றார். எதை. உன் மாவைத்தான், மொட்டு விடும்போதே பார்த்துட்டேன், வந்து சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல, இன்னைக்கு விரிஞ்சுருச்சு, சத்தியம்னா சத்தியம், கிளம்புவோம், நீயும் எம்புட்டு நாள்தான் இந்த முழங்காலோட மல்லுக்கட்டுவ. அதுக்கு இதை ஏன் வெட்டணும் என்றாள். விட்டுட்டுப் போனா நின்னு நின்னு சாகும், இல்ல எவனாவது வந்து விறகுக்குச் சாய்ப்பான், நான் நட்டது, நானே படுக்கவச்சுட்டு வந்துர்றேன், நீ போயி மூட்டையக் கட்டு.

போவோம் என்ற ஒரு சொல் போதும், காலமெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்த சொல், இப்போது அவரே அதை நீட்டுகிறார், வாங்கிக்கொள்ள அவளுக்கு இடமில்லை, தோப்பு இல்லைங்க, காளப்பாடி இல்லைங்க, கீழே நமக்காக ஒன்றும் நிற்கவில்லைங்க என்று சொல்லலாம், சொல்லத் தெம்பில்லை, அவர் கோடாலியைத் தூக்கிவிட்டார், அந்தக் கைகள் இவ்வளவு மெலிந்தது எப்போது, இந்த மனுஷன் தனக்காக இதைச் செய்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு அவர் மேல் தாங்க முடியாத ஆசை வந்தது, கூடவே தாங்க முடியாத எரிச்சலும், முழங்கால் நொறுங்க ஓடி மரத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று கைகூப்பினாள், வேணாம் சாமி, வெட்டிப்புடாதீங்க, வர்ற வருசம் கட்டாயம் பூக்கும், அதுக்கு நான் ஜாமீன். அவர் அவளைப் பார்த்தார். பூக்காது புள்ள என்றார். எனக்குத் தெரியாதா என்றாள், ஜாமீன் நின்னா விடணும், அதான் முறை, நட்டவன் ஓங்கணும், நடாதவ கெஞ்சணும், கெஞ்சிட்டேன், ஒரு கொத்து கொத்திட்டு விடுங்க. மா பூத்துருச்சே புள்ள, சத்தியம் என்னாகுறது என்றார், அது இங்க பூத்ததோட நானும் இந்த மலைக்காரி ஆயிட்டேன்னு வச்சுக்கங்க, சத்தியத்தை நானே விட்டுக்குடுத்துட்டேன் என்று என்னவோ உளறினாள், மடி அவிழ்ந்து மாம்பூக்கொத்து பேரியின் வேரடியில் விழுந்தது, இருவரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை. கோடாலியின் வாய் இறங்கி வந்து பட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றது, பிறகு ஒரே ஒரு சின்னக் கொத்து, தோலுக்குள் பச்சை ஈரம் தெரிந்தது, அவர் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருசமும் நீதான் வந்து ஜாமீன் சொல்லணும் என்றார், சொல்றேன் என்றாள். இந்தத் தடவை இரண்டு பேருமே சிரிக்கவில்லை.