நான்கும் புதிதாக

பின்லாந்தின் வடக்கே, கெமியார்வி ஊரின் டயர் கடை வாசலில் அன்று காலை ஏழு கார்கள் வரிசையில் நின்றன. இரவு பெய்த மழை விடிவதற்குள் சாலையெங்கும் கண்ணாடிபோல உறைந்திருந்தது. அக்டோபர் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஹில்க்காவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கணவன் வெய்க்கோவுக்கு ரொவானியெமி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும். சர்க்கரை நோய் அவனுடைய சிறுநீரகத்தோடு வலது பாதத்தின் உணர்ச்சியையும் கொண்டுபோயிருந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று வசந்தத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். பனியில் ஓட்டியதில்லை. கோடை முழுக்க அந்த நினைப்பு அவளை விடவில்லை.

கடைக்காரன் பெர்த்து, அவர்கள் கொண்டுவந்திருந்த, ஐஸில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த பழைய குளிர்கால டயர்களைக் கையால் தடவிப் பார்த்தான்.

"ஆணி பாதி கொட்டிப்போச்சு. ரப்பரும் கட்டையா இறுகிடுச்சு."

"முன்னாடி ரெண்டு மட்டும் புதுசா போடு," என்றான் வெய்க்கோ. "இழுக்கறது முன் சக்கரம்தானே."

"பின்னாடி பழசு இருந்தா வளைவுல வண்டியோட வாலு சுத்திக்கும், வெய்க்கோ."

"நாப்பது வருஷம் மர லாரி ஓட்டினவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா? டயர்ல என்ன இருக்கு, எல்லாம் ஓட்டற ஆளப் பொறுத்துதான்."

வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஹில்க்காவுக்குக் காது மடல் சுட்டது.

"ஓட்டற ஆளு நான்தான்," என்றாள். "பெர்த்து, என்னைக் கேளுங்க. நாலும் புதுசு, ஆணி வச்சது."

"அப்ப நீ மட்டும் போ. நான் வரல."

வெய்க்கோ கைத்தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ஏற்கெனவே அவன் கணுக்கால் வீங்கியிருந்தது. டயாலிசிஸ் ஒரு முறை தவறினாலும் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பெர்த்து அவளையே பார்த்தான்.

"மாட்டுங்க," என்றாள்.

டயர் மாட்டி முடிக்கும்போது மணி பத்தரை. வெய்க்கோ அசையவில்லை. அவள் வெளியே போய் எஞ்சினை ஓடவிட்டு, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. பத்து நிமிஷம் குளிர் உள்ளே கொட்டியது. பிறகு தடியின் சத்தம் கேட்டது.

"புது ஆணி. பழகற வரைக்கும் ஓங்கி பிரேக் போடாத," என்று மட்டும் சொல்லி ஏறினான்.

பாதி தூரம் தாண்டி, ஓர் இறக்கத்து வளைவில் திரும்பியதும் எதிரே மூன்று கலைமான்கள் நடுச்சாலையில் நின்றன.

"ஹில்க்கா!"

அவள் பதறி ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. நேராகப் பிடித்து மெல்ல மிதித்தாள். ஆணிகள் ஐஸைக் கீறும் சத்தம் நீண்டது. வண்டியின் பின்பக்கம் விலகவே இல்லை. மான்களுக்கு நாலடி முன்னால் கார் நின்றது. அவை நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நடந்தன.

வெய்க்கோவின் கை கதவுப் பிடியை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"நீ ஓட்டறதுல எனக்குப் பயம் இல்ல," என்றான், கார் மறுபடி நகர்ந்ததும். "சும்மா உக்காந்திருக்க முடியல. அவ்வளவுதான்."

"தெரியும்," என்றாள். "ஆனா நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசினியே, அது தப்பு."

"தப்புதான்."

பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் தாமதம் என்று நர்ஸ் கேட்டாள்.

"என் டிரைவர் மெதுவாத்தான் ஓட்டுவா," என்று கையை நீட்டிப் படுத்தான் வெய்க்கோ. "ஆனா நல்லா ஓட்டுவா."

ஹில்க்கா நடைக்கூடத்து மெஷினில் காப்பி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான், மறு கையில் கார்ச்சாவியை இன்னும் இறுகப் பிடித்திருப்பதைக் கவனித்தாள்.