கல்பாசி இல்லாத பொட்டலம்

செல்லூரில் காளை மெஸ் என்றால் என் கடைதான். எட்டு மேசை. என்னிடம் ஆறு வருடம் கரண்டி பிடித்த வீரணனுக்கு இன்று நான்கு கடைகள். சொந்தமாக ஒன்று, ஃபிரான்சைஸாகக் கொடுத்தது மூன்று. பெயரும் மசாலாவும் அவனுடையவை. கடை நடத்துவது அடுத்தவர்.

மூன்றாவது ஃபிரான்சைஸான கப்பலூர்க் கடைத் திறப்புக்குப் பத்திரிகை வைக்க வந்தான். "அண்ணே, நீங்கதான் வெளக்கேத்தணும்."

வயிற்று எரிச்சல் என்று போகவில்லை. அது பொய்யுமில்லை.

அந்த வாரமே திருவாதவூர் அழகுராஜா வந்தான். வீரணனின் கப்பலூர்க் கடைக்கு நேர் எதிரே இடம் பிடித்திருந்தான். என் பெயரும் மசாலாவும் வேண்டுமாம். உடனே சம்மதித்தேன்.

என் ஆட்டுக்கறிக் குழம்புக்கு மசாலா வறுக்கையில் கடைசியாகக் கல்பாசி போடுவேன். அது இல்லையென்றால் வெறும் காரம். அழகுராஜாவுக்கு அனுப்பும் பொட்டலத்தைக் கட்டும்போது என் மனைவி ஒச்சாயி கேட்டாள்:

"கல்பாசி டப்பாவத் தொறக்கவே இல்லையே?"

"போட்டா இவனும் நாளைக்கு நாலு கடை வைப்பான்."

"வச்சா ஒங்க பேருதான தொங்கும்?"

நான் பொட்டலத்தை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

ஒரு மாதத்தில் அழகுராஜா போன் செய்தான். "கம்பெனி ஷிப்டு விட்டா அம்புட்டுப் பயலும் எதுத்த கடைக்குத்தான் ஓடுறானுகண்ணே. 'காளை மெஸ் கொழம்பு அங்கன கெடைக்குது, நீ என்னத்தய்யா ஊத்துற'ன்னு எங்கிட்டயே கேக்குறானுக."

ஒச்சாயி ஒரு கல்பாசிப் பொட்டலத்தை என் பையில் திணித்து, "இதக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

கப்பலூரில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கால் நேரே வீரணன் கடைக்குள் போனது. எங்கே மோசம் பண்ணியிருக்கிறான் என்று பார்க்கத்தான். சோற்றில் குழம்பை ஊற்றினார்கள். முதல் வாயிலேயே கல்பாசி மணத்தது. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவன், கடை நடத்துபவரிடம் ஒளித்துவைக்கவில்லை.

கை கழுவி வெளியே வந்தேன். வாசலில் அழகுராஜா நின்றான். எதிரே அவன் கடையில் ஈ காக்கை இல்லை.

"நீங்களே இங்கன வந்துதான் சாப்பிடுறீக. இனி எனக்கு ஒங்க போர்டு எதுக்குண்ணே?"

பொட்டலம் பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டினால், நாளைக்கு இவன் கடை வாசலிலும் கூட்டம் நிற்கும். கை பைக்குள் போகவில்லை.

அவன் ரோட்டைக் கடந்து, தன் கடை வாசலில் ஏணி போட்டு ஏறினான். காளை மெஸ் என்று எழுதிய பலகையைக் கீழே நின்று நானே வாங்கிக்கொண்டேன்.