கணேசலிங்கம் போட்ட இரண்டாம் அளவு

1.
இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. ஆர்ச்வே முருகன் கோயில் அன்னதானத்தில் உட்கார்ந்து, "லண்டன் தமிழர் கதை என்றாலே பனியும் அழுகையும்தான்" என்று நக்கலடித்தேன். பக்கத்திலிருந்த சிவனேஸ்வரி, "என்ர மனுசன் வீட்டில ரிவால்வர் தோட்டா செய்யிறவர். ஏலுமெண்டா அதை எழுதும்" என்றார்.

2.
1988, மனோர் பார்க். பனி பெய்துகொண்டி—

(சீ! இப்போதுதானே சொன்னேன்.)

சிவனேஸ்வரியின் மனுசன் கணேசலிங்கம் துப்பாக்கிக் கழக உறுப்பினர். லைசென்ஸ் இருக்கிறது, பயப்படாதீர்கள். கடையில் இரண்டு வகை வெடிமருந்து காட்டினார்கள். ஒன்று வேகமாக எரிவது. கோதின், அதாவது வெற்றுத் தோட்டாக் கூட்டின், அடியில் ஒரு சிட்டிகை போதும். மற்றது கோதை நிறைக்கும்.

"நிறையிறதை எடுங்கோ. தவறி ரெண்டுதரம் போட்டா வெளியில கொட்டும். உங்களுக்கே தெரியும்" என்றார் சிவனேஸ்வரி.

அந்த 'உங்களுக்கே' சுட்டுவிட்டது. "எனக்குக் கணக்குப் பிழைக்காது" என்று சிட்டிகை மருந்தையே வாங்கினார்.

3.
சனிக்கிழமை காலை ஐம்பது கோதுகளை வரிசையாக நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டு போனார். ஒன்பது மணிக்கு ராகுகாலம். வெடிமருந்தை ராகுகாலத்தில் தொடுவாரா மனுசன்? எழும்பிவிட்டார். பத்தரைக்கு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐம்பதுக்கும் ஈயக்குண்டை இறுக்கிப் பெட்டியில் கொட்டிய பிறகுதான் உறைத்தது: விட்ட இடத்துக் கோதுக்கு எழும்ப முதலே போட்டாயிற்று! ஒன்றுக்குள் இரண்டு அளவு. எதற்குள்?

(நிறுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். அவர் வார்த்த ஈயக்குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. சிட்டிகை அதில் மறைந்துவிடும்.)

அதைச் சுட்டால் ரிவால்வரே கையில் வெடிக்கும். பின்னேரம் கழகக் கோப்பைக்குச் சுடப்போவது கழகத்துக் கூட்டாளி றெஜினோல்ட், இவருடைய ரிவால்வரால், இந்தத் தோட்டாக்களால். றெஜினோல்ட் பல் வைத்தியன். அந்தக் கை போனால் பிழைப்பும் போச்சு.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தார். முப்பத்தெட்டிலும் ஒரே அளவு. மிச்சம் பன்னிரண்டு. அப்போது பெல் அடித்தது. றெஜினோல்ட் உள்ளே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, பன்னிரண்டு காணும், அதுவே போதும். தாங்கோ, நேரமாச்சு!"

அடுப்படியிலிருந்து சிவனேஸ்வரி, "இஞ்சருங்கோ, சொல்லுங்கோ" என்றார்.

4.
கதையை இந்த இடம்வரை சொன்ன சிவனேஸ்வரி அன்னதானப் பந்தியில் பாயசத்துக்கு எழும்பிப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

முடிவு அ: தோட்டா வெடித்து... (என்னால் ஏலாது.)

முடிவு ஆ: கணேசலிங்கம், "பிழை விட்டிட்டன் தம்பி" என்று...

இதையும் அடித்துவிட்டேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த மனுசன் ஒருமுறையும் சொல்லாத வசனம் அது. நான் எழுதினால் யார் நம்புவார்கள்? அவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார்.

வாசகரே, நீங்களாவது சொல்லிவிடுங்கள். கெதியாக. றெஜினோல்ட் பெட்டிக்குக் கை நீட்டிவிட்டான்.

வலது கை.