குடை விற்கும் ஐந்து பேர்

ரொட்டிக்கடைக் கம்பெனியின் வரவேற்பறையில் பியோ ஜினா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மிரனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. ஜினா முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதுவும் அவளுக்குப் பொருந்தித் தொலைத்திருந்தது.

இருவரும் ஒரே நாளில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த பான்கியோவில் இருக்கும் 'தாரி'யில் சேர்ந்தவர்கள். அலுவலக ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செயலியைத் தயாரிக்கும் கம்பெனி அது. புதியவர்களுக்கான விருந்தில் மிரனின் பங்கு சோஜு மதுவையும் ஜினாதான் வாங்கிக் குடித்தாள். பிறகு போட்டிக் கம்பெனியான 'நாரு'வுக்குப் போய்விட்டாள். அவள் மட்டும் வளர்ந்திருந்தால் மிரன் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாருவையும் சேர்த்தல்லவா வளர்த்துவிட்டாள். மிரனின் தங்கை வேலை பார்க்கும் பல் மருத்துவமனைகூட இப்போது நாரு செயலியில்தான். தங்கையின் போன் சிணுங்கினாலே மிரனுக்கு எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில்தான் யாருக்கும் சொல்லாமல் நாருவில் ஒரு பொய்க் கம்பெனி திறந்தாள். குடை விற்கும் கம்பெனி. முதலாளி, கணக்கர், மூன்று விற்பனையாளர்கள், ஐவரும் அவளே. வேலை நேரம் முடிந்தபின் முதலாளி அனுப்பும் செய்தியை மறுநாள் காலைவரை தன்னிடமே வைத்துக்கொள்ளும் வசதியை நாரு வெளியிட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளியாக அனுப்பினாள், விற்பனையாளராகக் காத்திருந்தாள், எங்கேயாவது சொதப்பாதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். சொதப்பவில்லை.

ரொட்டிக்கடைக் கம்பெனியின் எல்லாக் கிளைகளும் இதுவரை தாரியில்தான் இருந்தன. இதுவும் கைவிட்டுப் போனால் மிரனின் குழுவையே கலைத்துவிடுவதாகப் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டு உள்ளே அவள் நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் இயக்குநர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாவு பிசையறவங்க விடியறதுக்கு முன்னாடியே வந்துடுவாங்க. அதனால சாயங்காலமே தூங்கிடுவாங்க. அந்த நேரத்துல மேனேஜர் அனுப்புறது அவங்கள எழுப்பாம இருக்க உங்ககிட்ட வழி இருக்கா?"

அந்த வசதி அடுத்த வருடம் வரும் என்றாள். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் ஜினா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப இளைச்சுட்டடி. குடை வியாபாரம் எப்படிப் போகுது?"

என்ன குடை என்று மிரன் கேட்டாள். கேட்டது அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"அஞ்சு பேரும் தாரி ஆபீஸ் இன்டர்நெட்லேருந்துதான் வர்றாங்க. சாப்பாட்டு நேரமானா மொத்தமா காணாமப் போயிடறாங்க." ஜினா குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காத. காலைல கொண்டுபோய்க் குடுக்கிற அந்த வசதிய எங்காளுங்க தூக்கிடலாம்னு இருந்தாங்க, யாரும் தொடறதில்லன்னு. உன் குடைக் கம்பெனி மட்டும் வாரம் பூரா அதையே நோண்டிட்டிருந்துச்சு. மிரனுக்கே இவ்வளவு வயித்தெரிச்சல்னா இதுல ஏதோ இருக்குன்னு நான்தான் தூக்க விடல."

ஜினாவை உள்ளே அழைத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது தெரிந்தது. மிரன் பேசியபோது அவர் சாய்ந்தேதான் இருந்தார்.

லிப்டில் பிரிவுத் தலைவரின் செய்தி தாரியில் வந்து நின்றது: என்ன ஆச்சு? மிரன் அதைத் திறக்கவில்லை. நாருவைத் திறந்து முதலாளியாக உள்ளே போனாள். மூலையில் நேற்று இல்லாத பொத்தான் ஒன்று இருந்தது. தொட்டால் ஜினாவுக்குத் தெரிந்துவிடும், தொடக்கூடாது என்று நினைத்தாள். லிப்ட் கீழே வந்து கதவு திறந்தது, யாரும் இறங்காததால் மூடிக்கொண்டது. அவளுடைய கட்டைவிரல் இன்னும் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.